‘ஜிஞ்சர்’ என்ற சொல்லின் பூர்வீகம்: ஓர் ஆங்கிலச் சொல்லை வேர்வரை தேடிப் பார்க்கும் முறை

ஆங்கிலத்தில் இருக்கும் தமிழ்ச் சொற்கள் என்று ஒரு பட்டியல் அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு வரும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘இஞ்சிவேர் – ஜிஞ்சிவெர் – ஜிஞ்சர்’ என்ற வரிக்கும் இடம் உண்டு. விடை ஏறக்குறைய சரி, வழிதான் தவறு. இஞ்சிவேர் நேரே ஆங்கிலத்துக்குப் போயிருந்தால், நடுவில் உள்ள லத்தீன், கிரேக்கம், பாலி வடிவங்கள் எல்லாவற்றின் தலையிலும் ஒரு சகரமோ அதற்கு இனமான ஒலியோ ஒட்டிக்கொண்டிருப்பது எப்படி? கணக்கில் விடையை மட்டும் பார்த்து எழுதி, வழியை இட்டுக்கட்டினால் என்ன மதிப்பெண் கிடைக்குமோ அதுதான் இதற்கும்.

ஜிஞ்சரையே எடுத்துக்கொண்டு, ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் படிப்படியாகத் தேடுவது எப்படி என்று பார்ப்போம். வேறு எந்தச் சொல்லுக்கும் படிகள் இவைதான்.

தேவையானவை

ஒரு விரிதாள். அதில் ஆறு பத்திகள்: சொல்வடிவம், மொழி, காலம், பொருள், சான்று, நம்பகம். சொல்வடிவத்தை மூல எழுத்திலேயே எழுதி வையுங்கள். தமிழெழுத்தில் குறித்தால் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே ‘ப’ நிற்கும், எஸ்ஸும் இசட்டும் ஒன்றாகிவிடும். முடிச்சு அவிழ்வதே பெரும்பாலும் அந்த வேறுபாட்டில்தான். இந்தக் கட்டுரையில் தமிழெழுத்தில் இருப்பது வாசிக்கும் வசதிக்காக மட்டும்.

அகராதிகளில் முதன்மையானது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928இல் முடிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த மிகப் பழைய மேற்கோளை ஆண்டோடு தருவதுதான் அதன் பலம். இன்றைய பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். பழைய பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மத்திய ஆங்கில அகராதி, பழைய ஆங்கிலத்துக்கான பாஸ்வொர்த்–டாலர், ஆங்கிலோ-நார்மன் அகராதி ஆகிய மூன்றும் இணையத்தில் இலவசம். லத்தீனுக்கு லூயிஸ்–ஷார்ட்டும் கிரேக்கத்துக்கு லிடல்–ஸ்காட்டும் பெர்சியஸ் தளத்தில் உள்ளன. இந்தியப் பக்கம் வந்தால் பர்ரோ–எமனோவின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கென்று 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் ஆகிய நான்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் தளத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. எட்டிமான்லைன் என்ற இணையச் சொற்பிறப்பு அகராதியில் தொடங்கலாம், அதிலேயே முடித்துக்கொள்ளக் கூடாது.

அகராதிக் குறியீடுகளில் மூன்றைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போகாதீர்கள். இடப்பக்கம் கூர்முனை உள்ள அம்புக்குறிக்கு (<) ‘இதிலிருந்து வந்தது’ என்று பொருள். சொல்லுக்கு முன் உடுக்குறி (*) இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, அறிஞர்கள் மீட்டுருவாக்கியது என்று அர்த்தம். கத்திக்குறி (†) இருந்தால் வழக்கொழிந்தது. இன்னொன்று, ‘உறவுச்சொல்’ வேறு, ‘மூலச்சொல்’ வேறு. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு சொற்களை அகராதி உறவு என்று சொல்லும். அதைப் படித்துவிட்டு ஒன்றிலிருந்து மற்றது வந்ததாக எழுதுவதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

படி 1: ஒரே முகச்சாயல் உள்ளவற்றைப் பிரித்துவிடுங்கள்

ஜிஞ்சர் என்ற ஒலியில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அகராதிப் பதிவைப் பாருங்கள். ‘ஜிஞ்சர்லி’ என்றால் மெல்ல, பார்த்துப் பார்த்து என்று பொருள். இஞ்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நளினமாக அடியெடுத்து வைப்பதைக் குறித்து வருகிறது. மென்மை என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. ஈறு வீக்கத்துக்கு மருத்துவர் சொல்லும் ‘ஜிஞ்ஜிவைட்டிஸ்’, ஈறைக் குறிக்கும் ‘கிங்கிவா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஜிஞ்சர் என்ற பெண்பெயர் பெரும்பாலும் வர்ஜீனியாவின் செல்லச் சுருக்கம்.

‘ஜிஞ்சர்பிரெட்’ கொஞ்சம் வேடிக்கையானது. அதில் இஞ்சி உண்மை, ரொட்டி பொய். பழைய பிரெஞ்சில் ‘ஜிங்ஜிம்பிரா’ என்ற வகை வடிவம் சர்க்கரையில் பதப்படுத்திய இஞ்சியைக் குறித்தது. ஆங்கிலேயர் காதில் அந்தக் கடைசி அசை ‘பிரெட்’ என்று விழுந்தது. சொல் மாறியபின் பண்டமும் மாறி, 15ஆம் நூற்றாண்டில் அது இஞ்சி போட்ட கேக்காகிவிட்டது. புரியாத அசையைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு மக்கட் சொற்பிறப்பு என்று பெயர். நினைவில் வையுங்கள், இதே பழக்கம் சமஸ்கிருதத்திலும் வந்து நிற்கப்போகிறது.

படி 2: பொருள்களை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள்

மூலத்தைத் தேடும்போது மிகப் பழைய பொருளைத்தான் கையில் பிடிக்க வேண்டும். செம்பட்டை முடி என்ற இன்றைய பொருளோடு தேடக் கிளம்பினால் வழி தவறிவிடும். பிரான்சிஸ் கிரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதி இந்த நிறப் பொருளுக்கு ஒரு விளக்கம் தருகிறது: சேவற்சண்டைக் களத்தில் சிவப்புச் சேவல்களை ‘ஜிஞ்சர்’ என்பார்கள், அங்கிருந்து செம்பட்டைத் தலைக்காரருக்கு அந்தப் பெயர் போனது. ‘ஜிஞ்சர் அப்’, அதாவது உசுப்பேற்றுவது, குதிரைத் தரகர்களின் உபயம். விற்க வந்த கிழட்டுக் குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு துள்ள வேண்டும் என்று அதன் ஆசனவாயில் இஞ்சியைச் செருகுவார்கள். இந்த வேலைக்கும் கிரோஸின் அகராதியில் ஒரு தனி வினைச்சொல் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் துடிப்பு, வீரியம் என்ற பொருள் நிலைத்துவிட்டது. 1924இல் கனடா நாடாளுமன்றத்தில் கட்சித் தலைமையோடு முரண்பட்டு விலகிய உறுப்பினர்களை ‘ஜிஞ்சர் குரூப்’ என்று அழைத்ததில் இருப்பது அந்தக் காரம்தான்.

இவை எல்லாம் கிளைகள். அடிமரம், மசாலாப் பொருள் என்ற முதற்பொருள். அது நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளில் இருக்கிறது.

படி 3: ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கிப் போங்கள்

தாண்டிக் குதிக்காதீர்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் என்ன ஒலி மாறியது, அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். வேறு எங்கும் நடக்காத மாற்றம் ஒரு சொல்லில் மட்டும் நடந்ததாகத் தெரிந்தால், அந்த அடியைச் சந்தேகப்படுங்கள்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிஃபெர்’. மத்திய ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிவெர்’, ‘ஜிஞ்செவிர்’ என்று பல எழுத்துக்கூட்டல். பழைய பிரெஞ்சின் ‘ஜிஞ்சிவ்ர’ வந்து இதற்கு முட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு நடுவில் இருந்த ‘வ்’ தேய்ந்து ஜிஞ்சர் ஆனது. இந்தத் தேய்வு வேறு எங்கும் உண்டா? உண்டு. பழைய பிரெஞ்சின் ‘பொவ்ர’ ஆங்கிலத்தில் ‘பூர்’ ஆனது. பழைய ஆங்கிலத்தின் ‘ஹ்லாஃபோர்ட்’ தேய்ந்து ‘லார்ட்’ ஆனது. இந்த அடி உறுதி.

பிரெஞ்சுக்குப் பின்னால் இடைக்கால லத்தீனின் ‘ஜிஞ்சிபெர்’. அதற்கும் பின்னால், இசட்டில் தொடங்கும் ‘ஸிங்கிபெர்’. இசட் எப்படி ஜகரமானது? பிற்கால லத்தீன் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. ‘ஸீல்’, ‘ஜெலஸ்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் ‘ஸேலோஸ்’ என்ற ஒரே கிரேக்கச் சொல்லின் பிள்ளைகள். ஒன்று ஏட்டு வழியாக வந்து இசட்டைக் காப்பாற்றிக்கொண்டது, மற்றொன்று பிரெஞ்சு வாய் வழியாக வந்து ஜகரமாகிவிட்டது. இந்த அடியும் உறுதி.

தேடுபொறியில் பழைய நூல்களைத் துழாவும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். பழைய அச்சில் நீண்ட எஸ் எஃப் போலத் தெரியும், கணினியும் அதை எஃப் என்றே படித்துவைக்கும். எஸ் உள்ள சொல்லை எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். கூகுள் புக்ஸ் காட்டும் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். தொடர் இதழ்களுக்கு முதல் இதழின் ஆண்டே எல்லா இதழுக்கும் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. தலைப்புப் பக்கப் படத்தைக் கண்ணால் பார்த்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சரக்கு எந்த வழியாகப் போனது என்று பாருங்கள்

சொல் தனியாகப் பயணம் செய்வதில்லை, பண்டத்தோடுதான் போகும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டியோஸ்கோரிடீஸ் ‘ஸிங்கிபெரிஸ்’ என்று எழுதுகிறார். 79இல் இறந்த ரோமானியர் பிளினி, இஞ்சி மிளகுச் செடியின் வேர் என்று சிலர் நினைப்பது தவறு என்று திருத்துகிறார், விலையும் தருகிறார்: பவுண்டுக்கு 6 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்). கருமிளகு அப்போது 4. திருத்திய கையோடு அவரும் ஒரு தவறு செய்கிறார். இஞ்சி அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைகிறது என்கிறார். டியோஸ்கோரிடீஸும் அப்படித்தான் சொல்கிறார். இந்தத் தவறு நமக்கு நல்ல சாட்சி. வாங்கியவர்கள் விளைந்த இடத்தைப் பார்க்கவில்லை, கைமாற்றியவர்களின் துறைமுகத்தை மட்டும் பார்த்தார்கள். சரக்கு செங்கடல் வழியாகப் பல கை மாறி வந்தது என்பது இதில் தெரிகிறது. கையில் கிடைத்த பெயரும் அப்படிப் பல வாய் மாறிய பெயர்தான்.

படி 5: நடுவில் ஒரு ரகரம், ஓர் இகரம்

இந்தத் தேடலில் நிதானமாக நிற்க வேண்டிய இடம் இது. இந்தியாவில் இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேரம்’, பாலியில் ‘சிங்கிவேரம்’. பல நூல்கள் கிரேக்கச் சொல்லுக்கு மூலமாகச் சமஸ்கிருத வடிவத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பொருளும் தயாராக இருக்கும்: சிருங்கம் என்றால் கொம்பு, வேரம் என்றால் உடல், மான்கொம்பு போலக் கிளைத்த உடல் உள்ளது இஞ்சி. கேட்க அழகாக இருக்கிறது. நாமும் மஞ்சள் கொம்பு என்கிறோமே, ஏன் இருக்கக் கூடாது?

ஒலியை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கிரேக்கம் ‘ஸிங்கி’ என்று தொடங்குகிறது, ரகரம் இல்லை. இதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. சமஸ்கிருதத்தின் அந்த ரகர உயிர், பாலியைப் போன்ற பழைய பேச்சுமொழிகளான பிராகிருதத்தில் இகரமாகிவிடுவது வழக்கம்தான், கொம்புக்குப் பிராகிருதத்தில் ‘சிங்க’ என்றே பெயர். ஆகவே கிரேக்கர் வாங்கியது பிராகிருதத்திலிருந்து என்பது வரைக்குமே இது காட்டும். பிராகிருத வடிவம் சமஸ்கிருதத்திலிருந்து வந்திருக்கலாமே என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பதில் இரண்டாவது உயிரில் இருக்கிறது. சிருங்கத்திலிருந்து இறங்கியிருந்தால் பாலியில் ‘சிங்கவேரம்’ என்றுதான் இருக்க வேண்டும், அகரத்தோடு. இருப்பதோ ‘சிங்கிவேரம்’. கிரேக்கத்திலும் அதே இகரம். அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சமஸ்கிருதத்தில் விடை இல்லை. அடுத்து, உடல் என்ற பொருளில் ‘வேரம்’ வாழும் வழக்கில் கிடைக்காது, இந்த மாதிரிச் சொற்களை விளக்க நிகண்டுகாரர் தரும் பொருள் அது. பக்கத்து வீட்டிலோ வேர் தினசரிச் சொல். தமிழிலும் மலையாளத்திலும் வேர், தெலுங்கில் வேரு, கன்னடத்தில் பேரு. நெடில் ஏகாரம் உட்பட எல்லாம் பொருந்துகிறது.

ஆக நடந்தது இது: ‘சிங்கிவேர்’ என்ற தென்னிந்தியச் சொல் வணிகரோடு பிராகிருதத்துக்குள் போனது. படித்தவர் காதில் ‘சிங்கி’ கொம்பாகக் கேட்டது. அதைச் செம்மைப்படுத்தி ரகரம் சேர்த்துச் சிருங்கவேரம் ஆக்கினார்கள். ஜிஞ்சர்பிரெட்டில் ரொட்டி முளைத்த அதே கதை. இராமாயணத்தில் குகனின் ஊரான சிருங்கிபேரத்தின் பெயரும் இதே சொல்தான். வேர்ச்சொல் தேடப் போய் ‘வேர்’ என்ற சொல்லே கையில் கிடைப்பது எல்லாத் தேடலிலும் வாய்க்காது. மொழியியலாளர் ஏ.எஸ்.சி. ராஸ் 1952இல் இந்த ஒரு சொல்லுக்கென்றே ஒரு நூல் எழுதினார் என்றால் காரணம் புரியும்.

படி 6: தமிழ்ப் பக்கத்தையும் அதே கண்டிப்போடு சோதியுங்கள்

நம் பக்கம் வந்ததும் பலருக்குக் கண்டிப்பு தளர்ந்துவிடும். தமிழில் இருப்பது இஞ்சி, சிங்கி இல்லை. முதல் சகரம் எங்கே போனது?

சொல்லின் தலையில் உள்ள சகரம் உதிர்வது தென்திராவிடத்தில் தெரிந்த மாற்றம். டி. பர்ரோ 1947இல் இதைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். சிப்பிக்கு இப்பி என்றும் பழந்தமிழில் பெயர். சமணர், அமணர் இரண்டும் நமக்குத் தெரியும். கன்னடத்தில் ஆயிரத்துக்குச் ‘சாவிர’ என்பார்கள், தமிழில் அந்தச் சகரம் போய் ஆயிரம் நிற்கிறது. ஆகவே சொல் வடக்கே போனது சகரம் உதிர்வதற்கு முன், அல்லது உதிராத பேச்சு வழக்கிலிருந்து. வாட்ஸ்அப் வரியின் பிழை இங்கேதான்: பயணம் போனது இஞ்சி அல்ல, இஞ்சியின் மூத்த வடிவம். உடுக்குறி போட்டுத்தான் அதை எழுத வேண்டும், ஏனென்றால் சிங்கி என்ற வடிவம் எந்தத் தமிழ் ஏட்டிலும் கிடைத்ததில்லை.

நடுவில் ‘ங்கி’ எப்படி ‘ஞ்சி’ ஆனது? இகர எகரங்களுக்கு முன் ககரம் சகரமாவது தமிழுக்குப் புதிதல்ல, கன்னடத்துக் ‘கிவி’ தமிழில் செவி. ஆனால் அது சொல்லின் தலையில் நடப்பது, இங்கே மாற்றம் நடுவில். இந்த அடிக்கு நம்பகப் பத்தியில் ‘நடுத்தரம்’ என்று போடுங்கள்.

தமிழ் நூல்களில் இஞ்சியைத் தேடும்போது கவனம். சங்கப் பாடல்களில் இஞ்சி என்றால் மதில் என்றும் பொருள் உண்டு. சொல்லடைவில் வரும் எல்லா இஞ்சியையும் அள்ளிக்கொண்டால் கோட்டைச் சுவரையும் சேர்த்து அரைத்துவிடுவீர்கள். பட்டினப்பாலையில் ‘முதற் சேம்பின் முளை இஞ்சி’ என்று வருவது செடி. பக்கத்தில் தென்னை, வாழை, கமுகு, மஞ்சள் எல்லாம் இருப்பதால் சந்தேகமில்லை.

படி 7: உறவினர்களை அழைத்துச் சரிபாருங்கள்

உங்கள் வரிசை சரியென்றால் மற்ற மொழிகளின் வடிவங்களும் அதில் பொருந்த வேண்டும். அரபியில் ‘ஸஞ்சபீல்’, குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலந்து வருகிறது. அது பாரசீகம், அரமேயம் வழியாக வந்த தனிக்கிளை, அதிலும் தலையில் இசட், நடுவில் ரகரம் இல்லை. பிரெஞ்சில் ‘ஜான்ஜாம்ப்ர்’, இத்தாலியனில் ‘ஸென்ஸெரோ’, ரஷ்யனில் ‘இம்பிர்’. சிங்களத்தில் ‘இங்குரு’. அங்கேயும் தலைச் சகரம் போயிருக்கிறது, ஆனால் அது சிங்களத்தின் சொந்த மாற்றம்: சகரம் ஹகரமாகி, பிறகு மறையும்.

ஜெர்மனில் ‘இங்வர்’. பார்த்தால் இஞ்சிக்கு நேர் தம்பி போல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பிரெஞ்சிலிருந்து வாங்கிய சொல்லின் முதல் மெய்யை ஜெர்மானியர் தம் நாட்டில் உதிர்த்துக்கொண்டது அது. தமிழிலும் ஜெர்மனிலும் தலை உதிர்ந்தது வெறும் தற்செயல்.

ஒன்று கவனித்தீர்களா, இந்தியில் இந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. பச்சை இஞ்சி அதரக், சுக்கு சோன்ட். அதரக் என்பது ஈரமானது என்ற பொருளுள்ள ‘ஆர்த்ரக’த்திலிருந்து வந்தது. உலகம் சுற்றிய சொல், புறப்பட்ட வழியில் இருந்த ஊரில் தங்கவில்லை.

படி 8: எங்கே நிற்பது

இஞ்சி காட்டில் தானாக வளர்ந்து கிடைப்பதில்லை. செடி தென்கிழக்காசியப் பக்கமிருந்து பயிராக வந்தது. ஆகவே சிங்கி என்ற முதற்பாதியே செடியோடு வந்த கடன்சொல்லாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. சிலர் சட்டென்று சீனத்தின் ‘ஜியாங்’கைக் கொண்டுவந்து ஜிஞ்சருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டிலும் ஜகரம் இருக்கிறது என்பதே ஆதாரம். அந்த ஜகரம் இன்றைய பெய்ஜிங் பேச்சின் ஒலி, பழஞ்சீனத்தில் அங்கே ககரம். கான்டனீஸ் பேசுவோர் இன்றும் ககரத்தில்தான் தொடங்குகிறார்கள். ஜிஞ்சரின் ஜகரமோ பிற்கால லத்தீனில் பிறந்தது. இரண்டு மொழியில் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் உண்டான ஒலிகள் ஒத்திருப்பதால் ஒன்றும் நிறுவப்படுவதில்லை. எதையும் ஒப்பிடுவதென்றால் பழைய வடிவத்தைப் பழைய வடிவத்தோடு ஒப்பிடுங்கள்.

விரிதாளில் கடைசி வரியைப் பூர்த்தி செய்யும்போது ஒவ்வோர் அடிக்கும் தனி நம்பகம் போடுங்கள். ஆங்கிலம்–பிரெஞ்சு–லத்தீன்–கிரேக்கம் உறுதி. கிரேக்கத்திலிருந்து பிராகிருதம் உறுதி, நடுவில் எத்தனை வாய் என்பதைத் தவிர. பிராகிருதத்திலிருந்து திராவிடம் வலுவானது, பெரும்பாலோர் ஏற்பது. அதற்கு அப்பால் கோடு போட்டு நிறுத்துங்கள்.

கைப்பழக்கத்துக்கு ஒரு சொல்

‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் ‘காசு’விலிருந்து வந்ததா என்று இதே எட்டுப் படியில் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தலைச்சொல்லின் தோளில் 1, 2 என்று சிறிய எண் போட்ட தனிப் பதிவுகள் இருக்கும். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சு ‘கேஸ்’, அதற்கும் பின்னால் லத்தீன் ‘கப்ஸா’ என்று போகும். கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த இன்னொரு கேஷ், போர்த்துகீசிய ‘கைஷா’ வழியாகத் தமிழ்க் காசில் போய் நிற்கும். எழுத்துக்கூட்டல் ஒன்று, சொல் இரண்டு. சுற்றுக்கு வரும் பட்டியலைத் தொகுத்தவர் அந்தத் தோள் எண்ணைப் பார்க்கவில்லை.